கிழக்கு ஜன்னலடியில் ஒரு பீடம்

நாகர்கோவில்
மார்ச் 3, 2026

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மாப்பிள்ளை இந்த மாதக் கடைசி வரை கடலில் காற்றாலை வேலையாக இருப்பதால், பகலும் இரவும் சமமாகும் மார்ச் சமநாளில் நீங்கள் கொண்டாடும் ஒஸ்டாரா என்ற வசந்தப் பண்டிகைக்கான பீடத்தை இந்த வருடம் நீயும் குட்டியுமாகத்தான் வைக்க வேண்டும் என்றாய். "அவர் எது எங்கே வைப்பார் என்று எனக்கு நினைவில்லை அப்பா, நீங்கள்தான் எல்லாவற்றையும் குறித்து வைப்பீர்களே" என்றாய். குறித்துத்தான் வைத்திருக்கிறேன். அந்த நீல அட்டை நோட்டு இப்போது மேசையில் திறந்து கிடக்கிறது. பார்த்து எழுதுகிறேன், நிதானமாகப் படி.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால், மாப்பிள்ளை கோயிலுக்கும் போகிறவர் இல்லை, சர்ச்சுக்கும் போகிறவர் இல்லை, இங்கிலாந்தின் பழைய தெய்வங்களை, மரத்தையும் சூரியனையும் கும்பிடுகிற பேகன் என்று நீ சொன்னாய். அதைக் கேட்டு இரண்டு வாரம் நான் உன்னிடம் பேசவில்லை. உறவுக்காரர் ஒருவர் அதைப் "பேய் வழிபாடு" என்று சொன்னபோது, இல்லை என்று மறுக்கவும் எனக்கு வாய் வரவில்லை. மேலாங்கோட்டு அம்மனுக்குப் பொங்கலிட்டு வளர்ந்தவன் நான். மரத்தடியில் கல்லை நட்டு மஞ்சள் பூசினால் அது தெய்வம் என்பது சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும் உன்னிடம் பேசாமல் இருந்தேனே என்று இப்போதும் வருத்தமாக இருக்கிறது, மக்களே. போன வருடம் உன் வீட்டில் அந்த நாலு மாதம் இருந்திருக்காவிட்டால் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

முப்பது வருடம் புவியியல் பாடம் நடத்தியவன். சூரியன் டிசம்பரில் மகர ரேகைக்கு நேரே நிற்கும், வடக்கே பகல் குறையும் என்று கரும்பலகையில் எத்தனை தடவை படம் போட்டிருப்பேன். நம் ஊரில் வருடத்தின் மிகக் குறைந்த பகல்கூடப் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. கூடின பகலுக்கும் குறைந்த பகலுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் அந்தப் படம் எனக்கு வெறும் படமாகவே இருந்துவிட்டது. வடக்கு இங்கிலாந்தில் உன் ஊரான லீட்ஸில் டிசம்பர் 21 அன்று காலை எட்டேகாலுக்கு மேல்தான் வெளிச்சம் வந்தது. மாலை நாலு அடிக்கும் முன்னாலேயே சூரியன் போய்விட்டது. மொத்தமே ஏழரை மணி நேரம், அதிலும் பாதி நேரம் மேகம். குட்டி பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். அம்மா ஜனவரி முழுக்க "மணி என்ன, மணி என்ன" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், நினைவிருக்கிறதா? அவளுக்குக் கால்வலி என்று நாம் நினைத்தோம். அது வெயில் இல்லாத வலி என்று பிப்ரவரிக் கடைசியில்தான் எனக்குப் புரிந்தது. ஒருநாள் மத்தியானம் சமையலறைத் தரையில் ஒரு சதுரம் வெயில் விழுந்தது. அவள் வேலையை விட்டுவிட்டு அதன்மேல் போய்ப் பேசாமல் நின்றாள்.

அந்த ஊரில் வசந்தத்துக்கு ஏன் பீடம் வைக்கிறார்கள் என்று எனக்கு யாரும் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, பீடத்துக்கு வருகிறேன். இடம்: கூடத்தில் கிழக்கே பார்த்த ஜன்னலின் கீழே அந்தச் சின்ன மேசை. ஜன்னல் சட்டத்தின் அடிப்பக்கத்தில் காகித டேப் துண்டுகள் சின்னச் சின்னதாக ஒட்டியிருக்கும், பார்த்திருப்பாய். அழுக்கு என்று நினைத்து உரித்துவிடாதே. சோபாவின் இடது கைப்பிடியை ஒட்டி நின்றுகொண்டு, சூரியன் எதிர் வீட்டுக் கூரைக்கு மேலே தலைகாட்டும் இடத்தை வாரம் ஒரு தடவை குறித்து ஒட்டினேன். மேகம் விட்ட நாட்களில் மட்டும்தான், அதனால் எட்டே துண்டுகள். முதல் துண்டு வலது ஓரத்தில், தென்கிழக்கில் இருக்கிறது. ஒவ்வொன்றாக இடது பக்கம் நகர்ந்து வந்து, கடைசித் துண்டு நேர்கிழக்கில் நிற்கிறது. அதில் மட்டும் பேனாவால் '20' என்று எழுதியிருக்கிறேன். டிசம்பரில் இருந்து மார்ச் வரை நாற்பது பாகைக்கும் மேல் சூரியன் இடம் மாறியிருக்கிறது. நம் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் இருபத்துநாலு பாகைதான். அந்த 20 என்ற துண்டுக்கு நேர்கீழே பீடத்தின் நடு வர வேண்டும். மாப்பிள்ளை அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மேசையை இரண்டு கைகளாலும் மெதுவாக நகர்த்தி அதற்கு நேராக வைத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தோளில் கை வைத்தார், அவ்வளவுதான்.

துணி: போன வருடத்து இளம்பச்சைத் துணியின் ஓரம் மெழுகுவர்த்தியில் கரிந்துவிட்டதே, அதற்குப் பதிலாக ஆச்சியின் நேரியலை, அந்த மேல்துண்டை, அம்மா இந்தப் பார்சலில் வைத்திருக்கிறாள். துவைத்துக் கஞ்சி போடாமல் மடித்தது. "அங்குள்ள சாமிக்கு இது ஆகுமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளச் சொல்" என்கிறாள். நான் ஏற்கெனவே கேட்டுவிட்டேன். ஆகுமாம்.

நாலு திசைக்கு நாலு பொருள் வைப்பது அவர்கள் வழக்கம். கிழக்கு காற்றுக்கு, தெற்கு நெருப்புக்கு, மேற்கு நீருக்கு, வடக்கு மண்ணுக்கு. கிழக்கே ஒரு இறகும் ஊதுபத்தியும், தெற்கே மெழுகுவர்த்தி, மேற்கே கிண்ணத்தில் தண்ணீர், வடக்கே தோட்டத்து மண்ணும் ஒரு கூழாங்கல்லும். மெழுகுவர்த்தி இரண்டு வேண்டும், ஒன்று வெள்ளை, ஒன்று கருநீலம், இரண்டும் ஒரே உயரம். பகலும் இரவும் சமம் என்பதற்காக. போன வருடம் வெள்ளையை மட்டும் கொஞ்சம் முந்தி ஏற்றினார், இனி வெளிச்சம்தான் முந்தும் என்று குட்டிக்குச் சொன்னார். முட்டை வைக்கும் வைக்கோல் கூட்டையும் மெழுகுவர்த்தியையும் ஒரு முழமாவது தள்ளி வை. துணி கரிந்தது அந்த நெருக்கத்தால்தான்.

பூவில் நான் செய்த தவறை நீ செய்யாதே. கடையில் டாஃபடில் என்ற மஞ்சள் பூ ஒரு கட்டும் ட்யூலிப் ஒரு கட்டும் வாங்கி ஒரே ஜாடியில் அழகாக அடுக்கினேன். மறுநாள் காலையில் ட்யூலிப் எல்லாம் கழுத்து ஒடிந்து தொங்கியது. டாஃபடிலை வெட்டினால் தண்டிலிருந்து கொழகொழவென்று ஒரு பால் வடியும், அது மற்றப் பூக்களுக்கு ஆகாது என்று பிறகுதான் மாப்பிள்ளை சொன்னார். தனி ஜாடியில் சில மணி நேரம் வைத்துப் பால் வடியவிட்டு, அப்புறம் மற்றதோடு சேர்க்கலாம். சேர்த்த பிறகு தண்டை மறுபடி வெட்டக் கூடாது. தனியாகவே வைத்துவிடுவது இன்னும் நல்லது. இன்னொன்று, அதன் கிழங்கு பார்ப்பதற்கு அப்படியே வெங்காயம். விஷம். தொட்டியில் வைக்கக் கிழங்கு வாங்கினால் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதே, குட்டி எடுத்து விளையாடுவாள். ஆற்றங்கரையில் வில்லோ கொப்புகள் கிடைக்கும். பூனைக்குட்டியின் காது மாதிரி சாம்பல் நிறத்தில் மென்மயிர் மூடிய மொட்டு, அந்த வாரத்தில் சரியாக விரியும். இரண்டு கொப்பு போதும். ப்ரிம்ரோஸ் பார்த்தால் அங்கேயே நின்று பார்த்துவிட்டு வா, வேரோடு எடுக்காதே. நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் காட்டுச் செடியைப் பிடுங்குவது அங்கே 1981 சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் வசந்தத்தைக் கொண்டாட வசந்தத்தைப் பிடுங்கி வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி முட்டை. இதுதான் அம்மாவின் பகுதி. நான் எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள்.

முதலில் அவள் அந்த மேசைப் பக்கமே வரவில்லை, அது உனக்கும் தெரியும். தன் விளக்கை ஏற்றிக்கொண்டு சமையலறையிலேயே இருந்தாள். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு பை நிறைய வெங்காயச் சருகைக் கொண்டுவந்து கொடுத்தாரே, அன்றைக்குத்தான் மாறினாள். வெங்காயச் சருகில் சாயமேற்றிய முட்டையை வடக்கு இங்கிலாந்தில் 'பேஸ் எக்' என்கிறார்கள். ஈஸ்டருக்கான பழைய பெயரான 'பாஸ்க்' என்பதிலிருந்து வந்த சொல். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, ஹெப்டன்ஸ்டாலில், புனித வெள்ளியன்று 'பேஸ் எக்' என்ற பெயரில் தெருக்கூத்து மாதிரி ஒன்றே நடக்கிறது. பாட்டி சர்ச்சுக்குப் போகிறவர், மாப்பிள்ளை போகாதவர். வெங்காயச் சருகு இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான்.

செய்முறை இது. இன்றிலிருந்தே பெரிய வெங்காயத்தின் காய்ந்த மேல்தோலைச் சேர்த்து வை. ஆறு முட்டைக்கு இரண்டு கை நிறைய வேண்டும். முட்டையை ஈரமாக்கி, அதன்மேல் ஒரு சின்ன இலையை (அம்மா கொத்தமல்லி வைத்தாள், அதுதான் அழகாக விழுந்தது) ஒட்டி, சுற்றிலும் வெங்காயத் தோலைப் பொதிந்து, பழைய வேட்டித் துண்டில் இறுக்கிக் கட்டு. நூலைத் தளர்வாகக் கட்டினால் இலை நகர்ந்துவிடும். ஒரு கரண்டி வினிகர் விட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிடு. உங்கள் கடையில் பெரும்பாலும் பழுப்பு முட்டைதான் கிடைக்கும், பரவாயில்லை, நிறம் இன்னும் ஆழமாக இறங்கும். முதல் முட்டையை அம்மா அவிழ்த்தபோது நான் பக்கத்தில் நின்றேன். ஓடு முழுக்கத் தேன் நிறம், அங்கங்கே செம்பு நிறத்தில் திட்டு, நடுவில் கொத்தமல்லி இலை ஒவ்வொரு நரம்போடும் வெளிறிப் பதிந்திருந்தது. அம்மா அதை முந்தானையில் துடைத்து, விரல் நுனியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவினாள். பளபளவென்று வந்தது. அவளே கொண்டுபோய் வைக்கோல் கூட்டில் வைத்தாள். அதற்கு முன்னால் நாம் யாரும் அவளை அந்த மேசைக்குக் கூப்பிடவில்லை.

பீடத்தில் இருக்கும் முட்டையைச் சாப்பிடாதே, நாள்கணக்கில் வெளியே இருப்பது. சாப்பிடத் தனியாக அவித்துக்கொள். போன வருடம் மூன்றாம் நாள் ஆப்பிள் மரத்தடியில் புதைத்தோம். ராத்திரி நரி வந்து தோண்டிக்கொண்டு போய்விட்டது. குட்டி அழுதாள். மாப்பிள்ளை அவளைத் தூக்கிவைத்துக்கொண்டு, நரிக்கும் இது வசந்தம்தானே என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அவரை முழுசாகப் பிடித்துப்போனது.

முளைக்கு இப்போதே நாள் குறித்துக்கொள். மேலோட்டை மட்டும் உடைத்த முட்டைக்கூட்டில் ஈரப்பஞ்சு வைத்து, மார்ச் 13 அன்று கிரெஸ் கீரை விதையைத் தூவு. ஒரு வாரத்தில் பச்சையாக நிற்கும். பாதிக் கூடுகளில் அம்மா வெந்தயம் போட்டாள். குட்டி ஒவ்வொன்றுக்கும் கண்ணும் வாயும் வரைந்து, முடி முளைக்கிறது என்று காலையும் மாலையும் வந்து பார்ப்பாள். அம்மா அவளுக்கு முளைப்பாரிக் கதை சொன்னாள், ஊரில் பெண்கள் இருட்டு மூலையில் நவதானியம் முளைக்கவைத்து, அம்மனுக்குத் தலையில் சுமந்து போவதை. மாப்பிள்ளை அதை அவ்வளவு கவனமாகக் கேட்டார். இந்த வருடம் அவர் வீட்டில் இல்லை, ஒரு முளையையாவது படம் எடுத்து அவருக்கு அனுப்பு.

அந்தக் களிமண் முயலை நடுவில் வை, முட்டைக்குப் பின்னால், காது ஜன்னலைத் தொடாமல். அது ராபிட் இல்லை, ஹேர். நீண்ட காதும் நீண்ட பின்னங்காலுமாக வயலில் வாழும் முயல். நம் பக்கத்துக் காட்டுமுயலும் ஹேர் இனம்தான், அதனால் அது உனக்கு அந்நியம் இல்லை. மார்ச் மாதம் அந்த வயல்களில் அவை பின்னங்காலில் நின்று ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பெரும்பாலும் பெண் முயல்தான் வேண்டாத ஆணை விரட்டுகிறது. குட்டிக்கு அதைச் சொல், ரசிப்பாள்.

இந்தப் பண்டிகை பழையது இல்லை, நேற்று உண்டாக்கியது என்று யாராவது சொன்னால் நீ தயங்கிப் போகிறாய் என்று தெரியும். போன வாரம் உன் அலுவலகத்தில் யாரோ அப்படிச் சொன்னதையும் சொன்னாய். உள்ளதைச் சொல்கிறேன். பீட் என்ற துறவி, உங்களுக்கு வடக்கே ஜாரோ மடத்தில் இருந்தவர், 725-இல் எழுதிய நூலில் ஒரே ஒரு இடத்தில் ஈஸ்ட்ரே என்ற தெய்வத்தின் பெயரைச் சொல்கிறார். ஆங்கிலேயர்கள் ஏப்ரலை ஒட்டிய மாதத்தை அவள் பெயரால் அழைத்தார்கள், அதில் அவளுக்கு விழா எடுத்தார்கள் என்கிறார். அவ்வளவுதான். முயலும் இல்லை, முட்டையும் இல்லை. ஜெர்மனியில் யாக்கோப் கிரிம் 1835-இல் மொழியை வைத்து ஊகித்துத் தந்த பெயர்தான் ஒஸ்டாரா. அந்தப் பெயரை மார்ச் சமநாளுக்குச் சூட்டியது 1974-இல், அமெரிக்காவில் எய்டன் கெல்லி என்பவர். 1958-இல் ஜெர்மனியில் மோர்க்கன்-ஹார்ஃப் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஆஸ்ட்ரியாஹேனே என்ற தாய்த்தெய்வங்களுக்கு நட்ட ரோமானியர் காலத்துக் கல்வெட்டுகள் நூற்றைம்பதுக்கு மேல் கிடைத்தன. அந்தப் பெயருக்கும் ஈஸ்ட்ரேவுக்கும் உறவு உண்டா என்று இன்றைக்கும் அறிஞர்கள் வாதாடுகிறார்கள்.

ஆக, பெயர் இளசு. ஒப்புக்கொள்வதில் வெட்கம் என்ன? ஜன்னல் சட்டத்தில் இருக்கும் எட்டு டேப்பும் இளசு இல்லை. சூரியன் நேர்கிழக்கில் வந்து நிற்கிற நாளை யாரும் உண்டாக்கவில்லை.

நம் சித்திரை விஷுவை நினைத்துப் பார். 'விஷுவம்' என்றால் இரவும் பகலும் சமமாக நிற்கும் நாள். ஏப்ரல் நடுவில் நாம் கனி காணும்போது பகல் ஏற்கெனவே கூடிவிட்டது, ஆனாலும் பெயர் மட்டும் சமநாள் என்றே நிற்கிறது. ஏன் தெரியுமா? பூமியின் அச்சு பம்பரம் தலையாட்டுவது போல ஏறக்குறைய 26,000 வருடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. நம் பஞ்சாங்கம் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது. அதனால் எழுபத்திரண்டு வருடத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இரண்டும் விலகிக்கொண்டே வந்திருக்கின்றன. சுமார் 1,700 வருடத்துக்கு முன்னால் மேஷத்தில் சூரியன் நுழைந்த நாளும் சமநாளும் ஒன்றாகத்தான் இருந்தன. உங்கள் வீட்டு ஒஸ்டாரா நாளும் நம் வீட்டுக் கனி நாளும் அன்றைக்கு வானத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தன, மக்களே. இதை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லவில்லை, பாடப்புத்தகத்திலேயே இருக்கிற விஷயம். அந்த ஜன்னலடியில் நின்ற அன்றைக்குத்தான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன்.

விஷுவன்று ஆச்சி உருளியில் அரிசி பரப்பி, கனிவெள்ளரியும் மாங்காயும் பலாச்சுளையும் வைத்து, கொன்றைப்பூச் சாத்தி, பின்னால் வால்கண்ணாடியை நிறுத்துவார். விடியுமுன் உன் கண்ணைப் பொத்திக் கூட்டிப் போவார். கையை எடுத்ததும் நீ முதலில் பார்த்தது உன் முகத்தைத்தான். கொன்றை லீட்ஸில் கிடைக்காது, ஏதாவது கடையில் பிளாஸ்டிக்கில் தேடாதே. அந்த மஞ்சளுக்கு டாஃபடில் போதும். கண்ணாடி மட்டும் வை, குளியலறையில் இருக்கும் சின்னதே போதும், முயலுக்குப் பின்னால் சாய்த்து வை. இதையும் மாப்பிள்ளையிடம் கேட்டேன். "அதை ஏன் போன வருடமே சொல்லவில்லை" என்றார்.

பார்சலில் பட்டுத்துணி முடிப்புக்குள் பத்து ரூபாய் நாணயங்கள் மூன்று இருக்கின்றன. விஷுவுக்குப் பெரியவர்கள் கொடுக்கும் கைநீட்டம். குட்டிக்கு ஒன்று, உனக்கு ஒன்று, மாப்பிள்ளை வந்ததும் அவர் கையில் நீயே கொடு.

நாள் மார்ச் 20, வெள்ளிக்கிழமை. சமநாள் கணம் உங்களுக்கு மத்தியானம் 2.46, நமக்கு இரவு 8.16. அங்கே கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றுவது 29-ஆம் தேதிதான், அதனால் கணக்குக் குழம்பாது. குட்டி பள்ளிக்கூடத்தில் இருப்பாளே என்று அம்மா கவலைப்படுகிறாள். காலையிலேயே, ஆறு பத்து வாக்கில் சூரியன் வரும்போது, அவளை எழுப்பிக் கண்ணைப் பொத்திக் கொண்டுவந்து நிறுத்து. மேகமாக இருந்தாலும் நிறுத்து. மத்தியானம் நீ வெள்ளை மெழுகுவர்த்தியை ஏற்றும்போது இங்கே அம்மா குத்துவிளக்கில் கிழக்குத் திரியை ஏற்றுவாள். 8.10-க்கெல்லாம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முதலில் ஜன்னல் சட்டத்தைக் காட்டு. டேப் எட்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்பா